ஆறு திங்கள் அதிகாரம்

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் சொல்லச் சொல்ல மாணவர்கள் எழுதுவதை 'டிக்டேஷன்' என்கிறோம். 'டிக்டேட்டர்' என்னும் ஆங்கிலச் சொல்லும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. 'சொல்லுதல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்தவை இவ்விரண்டும். டிக்டேட்டரைத் தமிழில் 'சர்வாதிகாரி' என்று வழங்குகிறோம்.

ஒரு நாள் வரலாற்று வகுப்பில் மாணவர் ஒருவர் என்னைக் கேட்டார்: "சர்வாதிகாரி என்பது வசைச்சொல் அல்லவா? அப்படியிருக்க, விடுதலைப் போரில் சிறை சென்றவர்களைக் 'காங்கிரஸ் சர்வாதிகாரி' என்று பெருமையாகக் குறிப்பிட்டது ஏன்?" நல்ல கேள்வி. இதற்கு விடை காண நாம் பழைய ரோமாபுரிக்குச் செல்லவேண்டும்.

அரசர்களைத் துரத்திவிட்டுக் குடியரசு நாட்டிய ரோமர்கள், ஆண்டுதோறும் கான்ஸல் என்னும் தலைவர் இருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இருவருக்கும் அதிகாரம் சமம்; ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம். அமைதிக் காலத்தில் இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் பகைவன் வாயிலில் வந்து நிற்கும்போது, இரண்டு நாவுகள் விவாதித்துக் கொண்டிருக்க முடியுமா? ஆகவே, அத்தகைய நெருக்கடியில் செனட் சபையின் யோசனைப்படி கான்ஸல் ஒருவர் தக்கவர் ஒருவரைப் பெயர் சொல்லி நியமிப்பார். அவரே டிக்டேட்டர். அவர் முன்னே இருபத்துநான்கு ஏவலர் கோடரி செருகிய கோற்கட்டுகளை ஏந்திச் செல்வர். ஆனால் அந்தப் பதவிக்கு உச்சவரம்பு ஆறு திங்கள்! வந்த வேலை முடிந்தால் அதற்கு முன்பே விலகிவிடுவது மரபு.

கி.மு. 458-இல் சின்சின்னேட்டஸ் என்பவரை நியமித்த செய்தியைக் கொண்டுசென்ற தூதர்கள், அவர் தம் சிறு நிலத்தில் உழைத்துக்கொண்டிருக்கக் கண்டார்களாம். அவர் படை நடத்திப் பகைவரை வென்றார். பதினாறாம் நாள் பதவியைத் துறந்து நிலத்திற்குத் திரும்பினார். இதில் கதை பாதி, வரலாறு பாதியாக இருக்கலாம். எனினும், இதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்களே, அதிலிருந்து அப்பதவியைப் பற்றி ரோமர்கள் கொண்டிருந்த எண்ணம் நமக்குப் புலனாகிறது.

பிறகு அந்த வரம்பு உடைந்தது. கி.மு. 82-இல் ஸல்லா என்னும் தளபதி காலவரையறை இன்றி டிக்டேட்டர் ஆனார். கொல்லத்தக்கவர்களின் பெயர்ப்பட்டியல்கள் பொதுவிடத்தில் ஒட்டப்பட்டன. ஸல்லாவாவது பின்னர் தாமே பதவியை விட்டு விலகினார். கி.மு. 44-இல் ஜூலியஸ் ஸீஸரோ வாழ்நாள் முழுவதற்கும் டிக்டேட்டர் ஆனார். அவ்வாண்டு மார்ச் 15-ஆம் நாள் குத்துண்டு மாண்டார். உடனே அப்பதவியையே சட்டத்தால் ஒழித்தார்கள். கி.மு. 22-இல் மக்கள் அதை மீண்டும் அளிக்க முன்வந்தபோது அகஸ்டஸ் மறுத்துவிட்டார். ஆனால் அதிகாரத்தை அவர் மறுக்கவில்லை. வேறு பெயர்களால் அதை இறுதிவரை தம்மிடமே வைத்துக்கொண்டார். பெயர் போயிற்று, பொருள் நின்றது!

இருபதாம் நூற்றாண்டில் முஸோலினியும் ஹிட்லரும் அச்சொல்லுக்கு இன்றுள்ள கறையைப் பூசினார்கள். 1933 மார்ச்சில் பாராளுமன்றத்தின் துணையின்றியே சட்டமியற்றும் உரிமையை ஹிட்லரின் அரசாங்கம் பெற்றது. அந்தச் சட்டத்திலும் நான்காண்டு என்ற வரம்பு எழுதப்பட்டிருந்தது என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். 1937-இல் அது நீட்டிக்கப்பட்டது. தடுத்துக் கேட்க அப்போது எதிர்க்கட்சி என்று ஒன்று அங்கே இல்லை.

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். 1930-லும் 1932-லும் சட்டமறுப்பு இயக்கம் நடந்தபோது, ஆங்கில அரசாங்கம் காங்கிரஸ் கமிட்டிகளைத் தடை செய்து தலைவர்களைச் சிறையிட்டது. கூடிப் பேசிக் கமிட்டியை நடத்த வழியில்லை. எனவே கமிட்டியின் அதிகாரம் முழுவதும் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் சிறை சென்றால் அடுத்தவர் அப்பொறுப்பை ஏற்றார். அவர்களே 'சர்வாதிகாரிகள்'. அவர்களுடைய அதிகாரத்தின் எல்லை சிறைச்சாலையின் கதவு! ஆபத்து வேளையில் சுமக்கும் பாரம் என்ற பழம்பொருளை அவர்கள் அச்சொல்லுக்கு மீட்டுக் கொடுத்தார்கள் என்றே நான் கருதுகிறேன்.

மாணவர்களே, நீங்கள் நாளைய வாக்காளர்கள். நெருக்கடி என்று கூறி எவரேனும் பேரதிகாரம் கேட்டால், "எவ்வளவு?" என்பதோடு நின்றுவிடாதீர்கள். "எதுவரை?" என்றும் கேளுங்கள். அந்த நாள் வந்ததும், "கொடுத்ததைத் திருப்பித் தா" என்று கேட்கும் உரிமை உங்களிடம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.