தேடினால் கிடைக்காத கௌரி: தமிழ்ப் பெயர்களைக் கையாளும் இணையச் செயலிகளுக்கு ஒரு கைக்குறிப்பு

ஒரு மருத்துவ நிலையத்தின் பதிவில் கௌரி என்றொருவரின் பெயர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மறுமுறை அவர் வரும்போது பணியாளர் அதே பெயரைத் தட்டச்சு செய்து தேடுகிறார். "பதிவு இல்லை" என்கிறது திரை. புதிய பதிவொன்று திறக்கப்படுகிறது. எந்த மருந்து அவருக்கு ஒவ்வாது என்ற குறிப்பு பழைய பதிவிலேயே கிடந்துவிடுகிறது.

பணியாளர் பிழை எதுவும் செய்யவில்லை. பதிவில் இருப்பது "கௌரி", அவர் தட்டியது "கெளரி". முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் ஒற்றைக் கொம்புக்குப் பின் ளகரம். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், கணினிக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்கள்.

நமது பாடசாலைகள், சங்கங்கள், வைத்தியசாலைகளுக்காக இணையச் செயலி எழுதும் இளம் நிரலாளர்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பாடங்களைப் பார்த்துப் படித்தவர்கள். அந்தப் பாடங்களில் இந்தச் சிக்கல் வராது. எனவே கவனிக்கவேண்டிய இடங்களை வரிசையாகப் பார்ப்போம்.

1. அடிப்படை

யுனிகோட்டில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையான 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கிடையாது. "கா" என்பது ககரமும் அரவும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். "க்" என்பது ககரமும் குற்றும். "யாழ்ப்பாணம்" நமக்கு 6 எழுத்து, கணினிக்கு 11 குறியீடு, யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது 33 பைட். கீழே வரும் சிக்கல்களில் பல இந்த மூன்று எண்களையும் ஒன்றாக நினைப்பதால் வருபவை.

2. படிவத்தில் பெயரைச் சரிபார்த்தல்

ஆங்கில ஏ முதல் இசட் வரை மட்டும் அனுமதிக்கும் விதி தமிழ்ப் பெயரை முற்றாக மறுத்துவிடும். "எந்த மொழி எழுத்தும் வரலாம்" என்ற யுனிகோட் விதியை எழுதினாலும் போதாது. அந்த விதி "லெட்டர்" என்ற வகையை மட்டுமே ஏற்கும். அரவு, கொம்பு, விசிறி, குற்று எல்லாம் "மார்க்" என்ற வேறு வகை. இரண்டு வகையையும் அனுமதியுங்கள். முதலெழுத்துகளுக்காகப் புள்ளியையும் இடைவெளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. சேமிக்கும் முன் துப்புரவு

"கோ" என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், இரட்டைக் கொம்பும் அரவுமாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாது. ஜாவாஸ்கிரிப்ட்டில் "நோர்மலைஸ்" என்ற செயற்கூறும், பிஎச்பியில் "நோர்மலைசர்" என்ற வகுப்பும் இதை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். சேமிக்க ஏற்றது என்எஃப்சி என்ற சேர்த்த வடிவம்.

நமக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய பழக்கத்தாலும், அவற்றிலிருந்து மாற்றிய கோப்புகளாலும், ரகரத்துக்குப் பதில் அரவு வந்துவிடுகிறது. "அவர்" என்பது "அவா்" ஆகிறது. "சேர்ந்த" என்பது "சோ்ந்த" ஆகிறது. அரவுக்குப் பின் குற்றோ விசிறியோ தமிழில் ஒருபோதும் வராது. ஆகவே இதைத் தயக்கமின்றித் திருத்தலாம். ஆனால் வரிசை முக்கியம்:

முதலில் என்எஃப்டி என்ற பிரித்த வடிவத்துக்கு மாற்றுங்கள். "சோ்" என்பதிலுள்ள ஓகாரக் குறி இப்போது கொம்பும் அரவுமாகப் பிரிந்து நிற்கும்.

அடுத்து, குற்று (3021), இகரக் குறி (3007), ஈகாரக் குறி (3008) ஆகிய மூன்றில் ஒன்றுக்கு முன் நிற்கும் அரவை (3006) ரகரமாக (2992) மாற்றுங்கள்.

கடைசியாக என்எஃப்சிக்குத் திரும்புங்கள்.

முதற்படியைத் தவறவிட்டால் "அவா்" திருந்தும், "சோ்ந்த" திருந்தாது.

4. தேடலுக்குத் தனி நிரல்

"கெளரி" சிக்கலை நோர்மலைஸ் தீர்க்காது. ளகரத்தை ஔகாரமாக மாற்றவும் முடியாது, மாற்றினால் "தெளிவு" கெட்டுவிடும். வழி எதிர்த்திசையில் இருக்கிறது. உண்மைப் பெயரைத் தொடாமல், தரவுத்தளத்தில் தேடலுக்கென்று இன்னொரு நிரலை வையுங்கள். அதில் ஔகாரக் குறி எல்லாவற்றையும் கொம்பும் ளகரமுமாக மாற்றுங்கள். "ஔ" என்பதை ஒகரமும் ளகரமுமாக மாற்றுங்கள். "ஶ்ரீ" என்பதில் வரும் ஶகரத்தை ஸகரமாக்குங்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிவரும் 8204, 8205 ஆகிய குறியீடுகளை நீக்குங்கள். தேடுபவர் தட்டும் சொல்லையும் இதே வழியில் மாற்றி இந்த நிரலோடு ஒப்பிடுங்கள். எப்படித் தட்டினாலும் கௌரி கிடைப்பார். திரையில் காட்டுவது எப்போதும் அவர் தந்த பெயராகவே இருக்கட்டும்.

5. தரவுத்தளம்

மைஎஸ்கியூஎல் பயன்படுத்துவோர் "யுடிஎஃப்8எம்பி4" என்ற எழுத்துத் தொகுதியையே தெரிவுசெய்யுங்கள். பழைய "யுடிஎஃப்8" தமிழைத் தாங்கும், நான்கு பைட் வேண்டும் இமோஜியைத் தாங்காது. அட்டவணைக்கு மட்டுமன்றி, செயலிக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலான இணைப்புக்கும் இதையே குறிப்பிடுங்கள். எழுத்து கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டுவிட்டால் அதை மீட்க முடியாது.

6. எண்ணுதலும் வெட்டுதலும்

தலைப்பை 20 குறியீட்டில் வெட்டினால் குற்று விழுந்துவிடலாம். "கல்" என்பது "கல" ஆகும். ஜாவாஸ்கிரிப்ட்டில் "இன்டில்" தொகுதியிலுள்ள "செக்மென்டர்" எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும், அதைக்கொண்டு வெட்டுங்கள். பிஎச்பியில் "கிராஃபீம்" என்று தொடங்கும் செயற்கூறுகள் உள்ளன.

குறுஞ்செய்தியில் கணக்கு வேறு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழில் 70 குறியீடு மட்டுமே. அதைத் தாண்டினால் ஒவ்வொரு துண்டுக்கும் 67. "யாழ்ப்பாணம்" என்ற ஒரு சொல்லே 11 இடத்தை எடுக்கும். அனுப்பும் முன் குறியீடுகளை எண்ணிக் காட்டினால் சங்கத்தின் செலவு கையைக் கடிக்காது.

7. அகரவரிசை

சாதாரண வரிசைப்படுத்தல் யுனிகோட் எண்ணைப் பார்த்தே அடுக்கும். அதில் ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் நிற்கும், னகரம் நகரத்தை ஒட்டி வரும். "கணபதி" முன்னும் "கண்ணன்" பின்னும் வரும். தமிழ் அகராதி வரிசையில் கண்ணனே முதலில் வரவேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டின் "கொலேட்டர்" என்ற வகுப்புக்குத் தமிழின் மொழிக்குறியைக் கொடுத்தால் வரிசை சரியாகும். போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ஐசியூ வரிசை முறைகளில் தமிழுக்கானதைத் தெரிவுசெய்யலாம்.

பழைய பதிவுகளுக்கு

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் செயலியானால், முதலில் தரவுத்தளத்துக்கு ஒரு பிரதி எடுத்துவையுங்கள். பின்னர் துப்புரவை நடத்தித் தேடல் நிரலை நிரப்புங்கள். ஒரே பெயரில் பல பதிவுகள் அப்போது வெளிவரும். அவற்றைத் தானாக இணைக்கும் நிரல் எழுதவேண்டாம். ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கலாம். பிறந்த திகதியையும் அடையாள அட்டை இலக்கத்தையும் பார்த்து மனிதர் ஒருவரே முடிவெடுக்கட்டும்.

புதிய செயலியானால், வெளியிடும் முன் இந்தப் பெயர்களை இட்டுப் பாருங்கள்: கௌரி, கெளரி, ஔவை, ஒளவை, ஶ்ரீதரன், ஸ்ரீதரன், சங்கர், சங்கா். எட்டையும் பதிந்து, ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ஒவ்வொரு தேடலிலும் அதன் இணையும் கூடவே வந்தால் செயலியை மக்களிடம் கொடுக்கலாம்.