ஸ்ரீகோசங்களின் வாஸனை

பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவக் குப்பங்களில் உப்பீரக் காற்று ஓய்வதில்லை. டச்சுக்காரர் 1613-இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையை எழுப்பினர். 1825-இல் அவ்வூர் ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டை சிதைந்தது, டச்சுக் கல்லறைகளின் எழுத்தும், ஆதிநாராயணப் பெருமாள் கோயிலின் செம்புரைக்கல்லும் நிற்கின்றன. கல் பொறுக்கும் காற்றை ஏடும் தாளும் படச்சுருளும் பொறுப்பதில்லை.

ஸம்ப்ரதாயத்திற்கு இது சிறிய செய்தியன்று. வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்திய ஈடு முப்பத்தாறாயிரப்படி, ஈயுண்ணி மாதவர் முதலாக ஓராண்வழியாகவே மணவாள மாமுனிகளை வந்தடைந்தது எனக் குருபரம்பரை கூறும். இடையில் ஒரு சுவடி கெட்டிருப்பின் வ்யாக்யானமே இழப்பாகியிருக்கும். ஆகவே முன்னோர் ஓலைக்கு எலுமிச்சம்புல் எண்ணெய் பூசினர். நலிந்த ஏட்டைப் புதிதாகப் படியெடுத்தனர்.

அச்சு வந்தபின் கேடு வேறு வடிவம் கொண்டது; ஒவ்வொரு கேட்டிற்கும் ஒரு மணமுண்டு. மண்வாடை பூஞ்சையைக் காட்டும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருகிய மரக்கூழ்த் தாளின் இனிய மணம், பழம்பெருமையின் மணமன்று. அமிலத்தால் தாள் சிதைவதன் அறிகுறி. பழைய அஸிடேட் நுண்படச்சுருளிலிருந்து எழும் காடிநெடியோ அஸிடிக் அமிலத்தினுடையது. வெப்பமும் ஈரமும் அதனைத் தொடங்கிவைக்கும். வெளிப்பட்ட அமிலமே மேலும் சிதைவை விரைவுபடுத்தி, அடுத்த சுருளையும் தாக்கும்.

இவற்றைக் கர்ப்பூரத்தாலோ, தூபத்தாலோ, நாஃப்தலீன் உருண்டையாலோ மறைப்பது நோயை விட்டுச் சாட்சியை அழிப்பதாகும். பூஞ்சை கண்ட நூலைத் தனியே பிரித்து, காற்றோட்டமுள்ள நிழலில் ஈரம் நீக்கி, முகக்கவசத்துடன் மென்தூரிகையால் துடைக்கவேண்டும். நெகிழிப் பையில் அடைத்தல் கூடாது. அமிலத்தாளைக் காரத்தன்மையுள்ள உறையில் வைத்து, நகலெடுக்கவேண்டும். காடிநெடி வீசும் சுருளை மற்றவற்றினின்று விலக்கி, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்து, காலம் தாழ்த்தாது படியெடுக்கவேண்டும். நெடியை உறிஞ்சும் கரி வாடையைக் குறைக்கும், சிதைவை நிறுத்தாது.

முன்வினை வாஸனையாய் நின்று தன்னை அறிவிக்கும் என்பர் பெரியோர். ஸ்ரீகோசமும் தன் பழங்காலத்து ஈரத்தையும் வெப்பத்தையும் மணத்தால் அறிவிக்கிறது. நம் இல்லப் பேழைகளில் உள்ள கிரந்த, தெலுங்கு லிபிப் பழம்பதிப்புகளில் சில இன்று காண்பதற்கு அரியவை. அவற்றைத் திறக்கையில் எழும் மணத்தை ரஸிப்பதினும், அதனைக் கேட்டு உடனே படியெடுப்பதே பூர்வாசாரியர் காட்டிய கைங்கர்யம்.