மடிக்கணினிக்குள் ஒரு சின்ன அட்டை

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு வானொலி என்றால் 'தே எஸ் எஃப்' தான். அதில் வரும் 'சான் ஃபில்' என்பதற்குக் கம்பி இல்லாமல் என்று பொருள். பௌதிகப் பாடத்தில் மார்க்கோனிக்கு முன்னால் எதுவார் பிரான்லி வந்துவிடுவார். 1890இல் கண்ணாடிக் குழாயில் உலோகத் தூளை அடைத்து, எட்ட இருந்து ஒரு மின்பொறி பறந்தாலே அந்தத் தூள் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும் என்று காட்டியவர் அவர். பழைய நிலைக்கு வர, குழாயை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். 1899இல் மார்க்கோனி ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிக் கம்பியில்லாத் தந்தி அனுப்பியபோது பிரான்லிக்கு மரியாதை தெரிவித்து ஒரு செய்தி அனுப்பினார். பிரெஞ்சுக்காரர்கள் இதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். நானும் விடவில்லை.

அந்தக் குழாயின் வாரிசுதான் இன்று நம் மடிக்கணினிக்குள் தபால் தலை அளவில் உட்கார்ந்திருக்கும் வைஃபை அட்டை.

ஒரு காலத்தில் அலைவரிசை என்றாலே லைசென்ஸ்தான். நம் ஊரில் ரேடியோப் பெட்டி வைத்திருக்கவே தபால் ஆபீசில் பணம் கட்டிப் புத்தகத்தில் முத்திரை வாங்கினோமே, நினைவிருக்கிறதா? அமெரிக்க அரசு 1985இல் சில அலைவரிசைகளை உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. அதில் ஒன்றுதான் 2.4 கிகாஹெர்ட்ஸ். நம் நாட்டில் அதே அலைவரிசைக்கு 2005 ஜனவரியில்தான் அரசு அறிவிக்கை வந்தது.

முதலில் இதைப் பிடித்துக்கொண்டவர்களில் கல்லாப் பெட்டி செய்யும் என்.சி.ஆர். நிறுவனமும் ஒன்று. கடையில் கல்லாவை இடம் மாற்றும்போதெல்லாம் கம்பி இழுக்கும் வேலை மிச்சமாகுமே! நெதர்லாந்தில் இருந்த அவர்களுடைய பொறியாளர்கள் இதில் இறங்கினார்கள். அவர்களில் விக் ஹேய்ஸ் என்பவர் பத்தாண்டுகள் தலைமை வகித்த குழுதான் 802.11 என்னும் பொது விதியை 1997இல் வெளியிட்டது. அதன் வேகம் விநாடிக்கு 2 மெகாபிட். 1999இல் அது 11 ஆனது. அந்த ஆண்டு ஜூலையில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபுக் மடிக்கணினியை மேடையில் கையில் ஏந்தி, கம்பி எதுவும் இல்லை என்று காட்ட ஒரு வளையத்தை அதைச் சுற்றி நுழைத்துக் காட்டினார். நம் திருவிழா மாயாஜாலக்காரர் வேலைதான். அந்த அட்டையின் விலை 99 டாலர். விசைப்பலகையைத் தூக்கி நாமே செருகிக்கொள்ளலாம்.

மற்றக் கணினிகளில் அப்போது ஏ.டி.எம். கார்டு அளவில் ஓர் அட்டை பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்கும். பிறகு மினி பி.சி.ஐ. வந்து உள்ளே போயிற்று. அப்புறம் அதில் பாதி, அதிலும் பாதி. இப்போது 22 மில்லிமீட்டருக்கு 30 மில்லிமீட்டர்.

உள்ளே போனதும் ஒரு பூட்டும் சேர்ந்து வந்தது. ஐ.பி.எம். திங்க்பேட் கணினிகளில் நிறுவனப் பட்டியலில் இல்லாத அட்டையைப் போட்டால், 1802 என்ற எண்ணோடு 'அனுமதியற்ற அட்டை, கழற்று' என்று திரையில் எழுதி, அதற்கு மேல் நகராது. அட்டையையும் ஆண்டெனாவையும் சேர்த்தே சோதித்துச் சான்று பெறுகிறோம் என்பது சொல்லப்பட்ட காரணம். சான்றிதழ், முத்திரை என்றே காலம் தள்ளிய எனக்கு அந்த வாதம் புரியாமல் இல்லை. ஆனால் அதே சட்டத்தின் கீழ் பூட்டுப் போடாமல் விற்றவர்களும் இருந்தார்களே! காசு கொடுத்து வாங்கியவன் எவனிடம் அனுமதி கேட்பது?

எங்கள் வீட்டு மடிக்கணினியில் நல்லவேளையாக அந்தப் பூட்டு இல்லை. அதன் அட்டைக்கு 2.4 மட்டுமே தெரியும். தெருவில் உள்ள எல்லா வீட்டு வைஃபையும் அங்கேயே முட்டி மோத, பிரான்சில் இருக்கும் மகளோடு பேசினால் பாதிப் பேச்சில் அவள் முகம் உறைந்து நிற்கும். ஒரு கடையில் "புதுசு வாங்கிடுங்க ஐயா" என்றார்கள். இன்னொரு கடைத் தம்பி அடிமூடியைக் கழற்றி, கறுப்பு, வெள்ளை ஆண்டெனாக் கம்பிகள் இரண்டையும் நகத்தால் மெல்ல நெம்பி எடுத்து, ஒரே ஒரு திருகை விட்டு, 5 கிகாஹெர்ட்ஸ் அட்டையை மாட்டினான். பத்து நிமிட வேலை. அந்தக் கம்பி முனைகளுக்கு முப்பது தடவை மாட்டிக் கழற்றும் ஆயுள்தான் கணக்கு என்பதால் அவசரம் கூடாது.

உங்களில் யாராவது மாற்றப் போனால் அட்டையின் எண்ணைச் சரியாகப் பாருங்கள். இன்டெல் ஏ.எக்ஸ்.200, ஏ.எக்ஸ்.201 இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முன்னது தனியாக வேலை செய்யும். பின்னதன் மூளையில் பாதி கணினியின் சிப்பில் இருப்பதால், அதற்கென்று செய்த இன்டெல் கணினியில் மட்டுமே ஓடும். இப்போது வரும் மெல்லிய மாடல்கள் பலவற்றில் அட்டையே கிடையாது, பலகையோடு சேர்த்துப் பற்றவைத்து விடுகிறார்கள். புதிதாக வாங்கும்போது இதையும் கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.