பெரியகுளத்துக்கு வந்த இரண்டாம் கண்

முல்லைப் பெரியாற்றின் குறுக்கே பொறியாளர் பென்னிகுயிக் 1887 முதல் 1895 வரை அணை எழுப்பியபோது, வெள்ளத்தையும் காட்டு விலங்குகளையும் விட அதிகம் அஞ்சப்பட்டது மலேரியாக் காய்ச்சல்தான். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிப் போன கூலிகள் குளிரில் நடுங்கி விழுந்தார்கள். பலர் திரும்பவே இல்லை. அந்தக் காய்ச்சலுக்குக் காரணமான நுண்ணுயிரை அல்ஜீரியாவில் லாவரன் என்ற மருத்துவர் 1880-லேயே மனித ரத்தத்தில் கண்டுவிட்டிருந்தார். கொசுவுக்கும் அதற்கும் உள்ள தொடர்பை செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் 1897-ல்தான் நிறுவினார். ஆகவே அணைக்கட்டின் காலத்தில், நோய் இன்னது என்று கண்ணால் பார்த்துச் சொல்லும் வழி உலகில் இருந்தும் இந்தப் பள்ளத்தாக்கை எட்டவில்லை. மருத்துவர் நடுக்கத்தைப் பார்த்தார்; விலாவுக்குக் கீழே கைவைத்து மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். 1840களில் வட இந்தியக் கால்வாய்ப் பகுதிகளில் டெம்ப்ஸ்டர் என்ற மருத்துவர், ஓர் ஊரில் எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று கணக்கெடுத்து அந்த ஊரின் காய்ச்சலை அளந்தார். நல்ல முறைதான். ஆனால் கை உணர்ந்ததை இன்னொருவருக்குக் காட்ட முடியாது. தடவிப் பார்த்தவர் தவறினாரா என்று பின்னால் யாரும் சரிபார்க்கவும் முடியாது.

கண்ணாடி ஸ்லைடு அந்த நிலையை மாற்றியது. லீஷ்மன் 1901-லும் கீம்சா 1904-லும் தந்த சாயங்களுக்குப் பிறகு, ஒரு துளி ரத்தத்தைத் தடவி, உலர்த்தி, நிறமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் கிருமி தெரிந்தது. அதைவிடப் பெரிய விஷயம், அந்த ஸ்லைடு அழியாமல் இருந்தது. ஒருவர் பார்த்ததை மற்றொருவர் நாளைக்கும் பார்க்கலாம். மருத்துவச் சோதனையில் தரக் கட்டுப்பாடு என்று இன்று நாம் சொல்வதன் வேர் இங்கேதான் இருக்கிறது. படத்தைப் பார்த்து முடிவு சொல்லும் சோதனைகளின் தரம், முதலில் பார்த்த கண்ணுக்கு இரண்டாவது கண்ணின் பதில் எவ்வளவு சீக்கிரம் திரும்பி வருகிறது என்பதைப் பொறுத்தே ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. இணையத்தை அந்த நீண்ட வரலாற்றுக்குள் வைத்துப் பார்த்தால்தான் அதன் மதிப்பு விளங்கும்.

ரத்தச் சர்க்கரை போன்ற சோதனையில் விடை ஓர் எண். ஒரே சீரத்தைப் பகிர்ந்து பல ஆய்வகங்களுக்கு அனுப்பி, யாருடைய எண் விலகுகிறது என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவில் பெல்க்கும் சண்டர்மனும் 1947-ல் இப்படிச் செய்து, ஆய்வகங்களின் விடைகள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று காட்டினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சிஎம்சி) பல ஆண்டுகளாக நாடெங்கும் உள்ள ஆய்வகங்களுக்கு இந்தப் பணியைச் செய்துவருகிறது. படச் சோதனையில் விடை ஓர் எண்ணாக இல்லை, ஒரு மனிதரின் தீர்ப்பாக இருக்கிறது. அதே 1947-ல் அமெரிக்காவில் வெளியான இன்னொரு ஆய்வு, காசநோய்க்கான நெஞ்சு எக்ஸ்ரே படங்களை ஐந்து தேர்ந்த மருத்துவர்களிடம் தனித்தனியே கொடுத்துப் பார்த்தது. ஒருவர் நோய் உண்டு என்ற படங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மற்றவர் ஏற்கவில்லை. அதே படங்களைச் சில காலம் கழித்து அவரிடமே கொடுத்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் அவர் தம் முடிவையே மாற்றிக்கொண்டார். படித்தவர், அனுபவசாலி, அக்கறையுள்ளவர் என்பதெல்லாம் கண்ணைப் பிழையிலிருந்து முழுமையாகக் காப்பதில்லை என்று மருத்துவ உலகம் அன்று புரிந்துகொண்டது. எக்ஸ்ரேக்குச் சொன்னது ஸ்லைடுக்கும் பொருந்தும்.

சுதந்திர இந்தியாவின் மலேரியா திட்டம் இந்த உண்மையை மதித்தே வகுக்கப்பட்டது. 1953-ல் தொடங்கிய கட்டுப்பாட்டுத் திட்டம் 1958-ல் ஒழிப்புத் திட்டமானது. பணியாளர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீடுவீடாகப் போய், காய்ச்சல் கண்டவரின் விரல் நுனியில் குத்தி ஸ்லைடு எடுப்பார். நம் நாட்டிலேயே உருவான ஜே.எஸ்.பி. சாயத்தில் அது நிறமேற்றப்படும். கிருமி உண்டு என்று கண்ட ஸ்லைடுகள் அனைத்தும், இல்லை என்று கண்டவற்றில் பத்தில் ஒன்றும் மேல்நிலை ஆய்வகத்துக்கு மறுபார்வைக்குப் போக வேண்டும். காகிதத்தில் இதைவிடச் செம்மையான ஏற்பாட்டை எழுத முடியாது. நடைமுறையில் ஸ்லைடுப் பெட்டி பேருந்திலும் ஜீப்பிலும் பயணம் செய்தது. தேனி மாவட்டம் பிறக்காத காலம் அது. பெரியகுளமும் உத்தமபாளையமும் மதுரை மாவட்டத்தின் தொலைதூரத் தாலுகாக்களாக இருந்தன. மறுபார்வையின் முடிவு கீழே வந்து சேரும்போது நோயாளி குணமாகியிருப்பார், அல்லது மேகமலைத் தோட்டத்துக்கோ கேரளத்து ஏலக்காட்டுக்கோ வேலைக்குப் போயிருப்பார். தவறாகப் பார்த்த ஆய்வக நுட்புநருக்கு எந்த ஸ்லைடில் எதைத் தவறவிட்டோம் என்ற நினைவே இருக்காது. நாட்டில் 1965-ல் ஒரு லட்சமாகச் சுருங்கியிருந்த மலேரியா 1976-ல் 64 லட்சத்தைத் தாண்டியது. டிடிடி-க்குப் பழகிய கொசு, பணத் தட்டுப்பாடு, கைவிடப்பட்ட தெளிப்பு என்று காரணங்கள் பல. பார்க்கப்படாமல் குவிந்த ஸ்லைடுகளும் காலந்தாழ்ந்த முடிவுகளும் அவற்றில் ஒன்று.

காசநோய்த் திட்டம் இந்தப் பாடத்தைப் பாதி கற்றது. 1997-ல் தொடங்கி 2006-ல் நாடு முழுவதையும் எட்டிய திருத்திய தேசியத் திட்டம், ஒரு லட்சம் பேருக்கு ஒரு சளிப் பரிசோதனை மையம் என்று வைத்தது. மலைப்பகுதிகளில் ஐம்பதாயிரத்துக்கு ஒன்று. நுட்புநர் தாம் பார்த்த சளி ஸ்லைடு ஒவ்வொன்றையும், கிருமி உள்ளது இல்லாதது என்று பிரிக்காமல், பார்த்த வரிசையிலேயே பெட்டியில் அடுக்கி வைக்க வேண்டும். அதிலிருந்து குலுக்கல் முறையில் சில எடுக்கப்படும். முதல் முடிவு தெரியாத இன்னொருவர் அவற்றைப் பார்ப்பார். இருவரும் முரண்பட்டால் மூன்றாமவர் நடுவராவார். மனிதக் கண்ணின் பலவீனத்தை இவ்வளவு அறிந்து செய்த ஏற்பாடு நம் பொதுச் சுகாதாரத்தில் வேறொன்று அரிது. இதை வடிவமைத்தவர்களைப் பாராட்டியே ஆக வேண்டும். குறை பழையதுதான். பெட்டி சேர்ந்து, குலுக்கல் நடந்து, முடிவு திரும்ப வாரங்களாகும். சாயமேற்றிய ஸ்லைடு வெப்பத்திலும் ஈரத்திலும் வெளிறும். முதலாமவர் சரியாகவே பார்த்த கிருமி இரண்டாமவர் கண்ணுக்குப் படாமல் போவதும் உண்டு.

இன்னொரு தடை ஸ்லைடின் இயல்பிலேயே இருக்கிறது. ஒரு ஸ்லைடு ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். நூறு ஆய்வகங்களின் கண்ணை ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே ரத்தத்தில் நூறு ஸ்லைடுகள் செய்ய வேண்டும். நூறும் ஒன்றுபோல் இராது. ஒருவருக்குக் கிடைத்த அரிய ரத்தப் புற்றுநோய் அணுக்கள் மற்றவர் ஸ்லைடில் இல்லாமலே போகலாம். விடை மாறினால் கண்ணின் பிழையா, ஸ்லைடின் வேறுபாடா என்று யாராலும் சொல்ல முடியாது. டிஜிட்டல் படம் வந்தபின்தான் ஒரே அணுவை நூறு பேர் ஒரே நாளில் பார்ப்பது சாத்தியமானது. பிரிட்டனிலும் வட ஐரோப்பாவிலும் தர மதிப்பீட்டு அமைப்புகள் 2000-க்குப் பிறகு ரத்த அணுப் படங்களை இணையத்தில் அனுப்பித் தேர்வு வைக்கத் தொடங்கின. ஸ்லைடை முழுதாகப் படமெடுத்து, அதை மட்டுமே பார்த்து நோய் சொல்லலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை ஒரு கருவிக்கு 2017-ல் அனுமதி தந்தது.

பெரியகுளம் இந்தக் கதைக்குள் வந்தது கண் வழியாக. தேனியில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனை, 2004-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சுற்றுவட்டாரத்தில் விஷன் சென்டர் எனப்படும் சிறு பரிசோதனை மையங்களைத் திறந்தது. அம்பாசமுத்திரம் என்ற சிற்றூர், ஆண்டிபட்டி, போடி, சின்னமனூர், பெரியகுளம் ஆகியவை முதலில் வந்தவை. மையத்தில் மருத்துவர் கிடையாது. பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதித்துப் படமெடுப்பார். தேனியில் உள்ள மருத்துவர் அதைப் பார்த்துத் திரை வழியே நோயாளியுடன் பேசுவார். அன்று இந்தப் பகுதியில் காணொளி தாங்கும் இணையம் ஏது? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் புரூவர் தலைமையிலான குழு வழி கண்டது. ஒரு கட்டடத்துக்குள் மட்டும் எட்டும் வைஃபை கருவியையே எடுத்து, கோபுரத்தின் மேல் திசைநோக்கி அலைவாங்கிகளைப் பொருத்தி, தொலைதூரத்துக்கு ஏற்றவாறு அதன் மென்பொருள் விதிகளை மாற்றியமைத்தார்கள். சில இணைப்புகள் பத்து கிலோமீட்டருக்கும் மேல் நீண்டன. அந்தக் குழு பின்னர் எழுதிய ஆய்வுரையில் அலைவரிசையைப் பற்றிய பெருமிதத்தை விட மின்சாரத்தைப் பற்றிய கவலையே அதிகம். ஏறி இறங்கும் மின்னழுத்தம் கருவிகளைக் கெடுத்தது. எது பழுதென்று உள்ளூரில் கண்டறியவும் ஆளில்லை. கிராமப்புறத் தொழில்நுட்பத்தின் உண்மையான வரலாறு அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.

இது தொலைமருத்துவமாயிற்றே, தரக் கட்டுப்பாடு எப்படி ஆகும் என்று கேட்கலாம். கண்ணின் படம் ஆய்வகச் சோதனையும் ஆகாதே என்றும் சொல்லலாம். இரண்டும் நியாயமே. அரவிந்தின் நோக்கம் நோயாளிக்கு மருத்துவரைக் காட்டுவதுதான். ஆனால் அங்கே நடந்ததை ஸ்லைடுப் பெட்டியின் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரியகுளத்தில் ஒருவர் கண்டதைத் தேனியில் இன்னொருவர், நோயாளி நாற்காலியை விட்டு எழுமுன்னே, மறுபடி பார்க்கிறார். படம் மங்கலாக இருந்தால் உடனே வேறு படம் கேட்கிறார். பணியாளர் தவறாகக் கணித்திருந்தால் அந்தக் கண்ணையே எதிரில் வைத்துக்கொண்டு திருத்தம் பெறுகிறார். பத்தில் ஒன்றைக் குலுக்கி எடுத்து வாரம் கழித்துச் செய்ததை, இந்த ஏற்பாடு அன்றாட வேலைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. மலேரியா திட்டத்துக்கு வாய்க்காத வேகம் இதுதான். ஸ்லைடுக்கும் இதே வழி திறந்திருக்கிறது என்பதே இந்த அனுபவம் சொல்லும் செய்தி.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. படம் என்பது எடுத்தவர் தேர்ந்தெடுத்த ஒரு துண்டு. சளி ஸ்லைடில் கிருமி இல்லை என்று சொல்ல நுண்ணோக்கியில் நூறு புலங்களைப் பார்க்க வேண்டும். நுட்புநர் பத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினால், அந்தப் பிழை எந்தப் படத்திலும் தெரியாது. ரத்தம் தடிமனாகத் தடவப்பட்டதா, சாயம் பழையதா என்பதும் ஓரளவுதான் புலப்படும். இதை ஏற்கத்தான் வேண்டும். தேடும் வேலையில் நேரும் பிழையைப் பிடிக்க ஸ்லைடுப் பெட்டியும் குலுக்கலும் தொடர வேண்டும். இணையம் அவற்றை ஓய்வுபெறச் செய்யாது. கண்டதை அடையாளம் காணும் வேலை வேறு. இந்த மலேரியாக் கிருமி பால்சிபாரமா விவாக்ஸா, இந்த வெள்ளணு முதிராததா, கருப்பை வாய்ச் செல்களில் தெரிவது அழற்சியா புற்றின் தொடக்கமா என்ற ஐயங்களுக்குப் படம் போதும், அதுவும் அன்றைக்கே. படத்தின் தரம் எவ்வளவு முக்கியம் என்பதைத் தாய்லாந்து காட்டியது. அங்குள்ள மருத்துவ மையங்களில் கூகுளின் விழித்திரைப் பரிசோதனை மென்பொருளை வைத்து 2020-ல் வெளியான கள ஆய்வில், எடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றுக்கும் சற்று அதிகமானவற்றை, தரம் போதாது என்று மென்பொருளே தள்ளிவிட்டது.

இனி இயந்திரமே பார்த்துவிடும், இரண்டாம் கண் எதற்கு என்பவர்களுக்கும் அதே துறையில் விடை இருக்கிறது. சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் பாதிப்பைக் கண்டறியும் கணினி முறையை கூகுள் குழு 2016-ல் வெளியிட்டது. அதைப் பயிற்றுவிக்க உதவிய படங்களில் அரவிந்தின் படங்களும் உண்டு. மொத்தம் 1,28,175 படங்கள். ஒவ்வொன்றையும் மூன்று முதல் ஏழு நிபுணர்கள் தனித்தனியே பார்த்து மதிப்பிட்டார்கள். ஒரு கண்ணை நம்பி இயந்திரத்துக்குக்கூடப் பாடம் சொல்ல முடியவில்லை. சளிப் பரிசோதனையின் இடத்தைச் சிபிநாட் போன்ற மரபணுச் சோதனைகள் பிடித்துவருவதும் உண்மைதான். எனினும் திசு, ரத்த அணு, கருப்பை வாய்ச் செல் ஆகியவற்றில் இன்றும் மனிதக் கண்ணே தீர்ப்பு சொல்கிறது.

நுட்புநர்களின் அச்சத்தை நான் இவை எல்லாவற்றையும் விடப் பெரிதாக மதிக்கிறேன். மேலிருந்து ஒரு கண் எப்போதும் பார்க்கிறது என்றால் அது வேவாக மாறாதா? பிழை சுட்டப்பட்டால் தண்டனை வருமென்று பயந்தவர் ஐயமான ஸ்லைடை அனுப்பவே மாட்டார். நல்ல படத்தை மட்டும் தேர்ந்து அனுப்புவார். அப்போது முழு ஏற்பாடும் பொய்யாகிவிடும். ஆகவே ஐயத்தைக் கேட்பவருக்குப் பாதுகாப்பு தரப்பட வேண்டும். நோயாளியின் அந்தரங்கமும் காக்கப்பட, அவர் பெயர் படத்துடன் போகக் கூடாது.

பெரியகுளத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. தேனி அருகே க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. நோய்க்குறியியலும் நுண்ணுயிரியலும் கற்பிக்கும் துறைகள் அங்கே உண்டு. நுண்ணோக்கியின் கண்ணருகே வைத்துப் படமெடுக்கும் கைபேசி இல்லாத ஆய்வகம் இன்று அரிது. கம்பம், போடி, உத்தமபாளையம், ஆண்டிபட்டி ஆய்வகங்கள் ஐயமான ஸ்லைடுகளின் படத்தைக் கல்லூரிக்கு அனுப்பி, அன்று மாலைக்குள் பதில் பெறும் முறையைச் சுகாதாரத் துறை ஆணையாகவே பிறப்பிக்க வேண்டும். அந்தப் பதில் படத்தை அனுப்பிய நுட்புநரின் கைக்கே நேராகப் போய்ச் சேர வேண்டும்.