எந்தக் கருவி எண்ணியது?

தூக்க ஆய்வறையில் படுத்திருப்பவரின் மூக்கருகே இரண்டு உணரிகள் இருக்கும். ஒன்று வெளிவரும் மூச்சின் சூட்டை அறிவது. மற்றது நாசித் துளைகளில் செருகிய மெல்லிய குழாய், காற்றழுத்தத்தை அளப்பது. பின்னிரவில் அவர் வாய் திறந்து தூங்கத் தொடங்கியதும் குழாயின் கோடு தட்டையாகிவிடுகிறது. வெப்ப உணரியின் கோடோ அலையலையாக ஓடுகிறது. மார்பிலும் வயிற்றிலும் கட்டிய பட்டைகள் சேர்ந்தே விரிந்து சுருங்குகின்றன. மூச்சு நிற்கவில்லை, வாய்க்கு மாறியிருக்கிறது. குழாயை மட்டும் நம்பியவர் இதை மூச்சுத்தடை என்றே எண்ணியிருப்பார்.

அறிக்கையில் வரும் 'மணிக்கு இத்தனை தடை' என்ற எண்ணைத் தனியே படிக்கக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மூச்சோட்டம் 10 நொடியாவது ஏறக்குறைய நின்றால் தடை. அதில் சிக்கல் குறைவு. மூச்சு பாதியில் தளரும் 'குறைமூச்சில்'தான் கணக்கு மாறுகிறது. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் 2012 விதிப்படி, ஓட்டம் 30 சதவீதம் தணிந்து, ஆக்சிஜன் 3 சதவீதம் இறங்கினாலோ மூளை அலையில் விழிப்பு தெரிந்தாலோ போதும். அந்நாட்டு மெடிகேர் காப்பீடு கேட்பதோ 4 சதவீத இறக்கம். 6 மணி நேரத் தூக்கத்தில் 12 தடைகளும் 78 குறைமூச்சுகளும் வந்தன என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டி வகுத்தால் முதல் விதியில் மணிக்கு 15, மிதமான நோய். அக்குறைமூச்சுகளில் 12 மட்டுமே 4 சதவீதத்தைத் தொட்டிருந்தால் மணிக்கு 4, நோயே இல்லை. அதே ஆள், அதே இரவு!

வீட்டில் செய்யும் எளிய சோதனைகள் பலவற்றில் மூளை அலைப் பதிவு கிடையாது. அதனால் தூங்கிய நேரத்தைப் பிரித்தறிய முடியாமல், விழித்துக் கிடந்த நேரமும் வகுக்கும் எண்ணில் சேர்வதால் விடை இன்னும் சிறுக்கிறது.

மணிக்கு இத்தனை என்னும் இந்த எண்ணை நம்பித்தான், மாஸ்க் வழியே தொடர்ந்து அழுத்தக் காற்றைச் செலுத்தும் சிபேப் (CPAP) கருவி எழுதித் தரப்படுகிறது. சிட்னியில் காலின் சல்லிவன் குழுவினர் 1981இல் லான்செட் இதழில் ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதும் வரை, கடும் தடைக்குத் தொண்டையில் துளையிடுவதே முதன்மைச் சிகிச்சை. மூக்கு வழியே 4.5 முதல் 10 செ.மீ. நீரழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, தொண்டைச் சுவர் ஒட்டாமல் அவர்கள் காத்தார்கள். அரிய பணி அது.

சிபேப் அழுத்தத்தை நோயாளிக்கேற்ப ஆய்வறையில் சரிபார்க்கும் இரவில் ஒரு மாற்றம் நிகழ்கிறது. அறிக்கைகள் இதற்கு உரிய இடம் தருவதில்லை. மாஸ்க் மாட்டியபின் மூக்குக் குழாய்க்கு வேலையில்லை. மூச்சோட்டத்தைக் கருவியே அளந்து தருகிறது. ஆக, 'முன்பு 32, இப்போது 3' என்னும் ஒப்பீட்டில் இரு எண்களும் வெவ்வேறு உணரிகளிலிருந்து வந்தவை. வீட்டுக்குப் போன கருவியின் நினைவகம் காட்டும் எண் மூன்றாவது வகை: பெரும்பாலும் காற்றோட்டத்தை மட்டுமே வைத்துக் கணித்தது, ஆக்சிஜன் இறக்கமும் மூளை விழிப்பும் அதில் சேராது. ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் உணரியின் பெயரும் விதியின் ஆண்டும் இருக்க வேண்டும். அச்சிட ஒரு வரி போதும்.