ஏ. எல். ராகவன்

ஏ. எல். ராகவன் (1933 – 19 ஜூன் 2020) தமிழ்த் திரைப்படப் பின்னணிப் பாடகர், நடிகர், படத் தயாரிப்பாளர். தஞ்சாவூர் மாவட்டம் அய்யம்பேட்டையில் பிறந்தவர். 1950களிலும் 60களிலும் பாடகராகப் பெயர் பெற்று, முதுமையில் சின்னத்திரை நடிகரானார். இவருடைய மனைவி, ‘ரத்தக்கண்ணீர்’ (1954) படத்தில் காந்தாவாக நடித்த எம். என். ராஜம். இவர்கள் திருமணம் 1960இல் நடந்தது.

ராகவன் திரைக்கு வந்தது நடிகராகத்தான். ‘கிருஷ்ண விஜயம்’ (1950) படத்தில் நடித்தார். அதே ஆண்டு வெளியான ‘விஜயகுமாரி’ படத்தில் பெண் குரலில் பாடிப் பின்னணிப் பாடகரானார். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முகம் பின்னுக்குப் போய், குரலே அவருடைய அடையாளமாக இருந்தது.

அந்தக் குரலின் உச்சம் ஸ்ரீதர் இயக்கிய ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962). தான் காதலித்த பெண் ஒரு நோயாளியின் மனைவியாக மருத்துவமனைக்கு வர, மருத்துவராக நடித்த கல்யாண்குமாருக்காக ராகவன் ‘எங்கிருந்தாலும் வாழ்க’ பாடினார். பாடல் கண்ணதாசன், இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. அதே படத்தில் பி. பி. ஸ்ரீநிவாஸும் பாடியிருக்கிறார். ஆயினும் காதலை விட்டுக்கொடுக்கும் அந்த இடத்துக்கு ராகவனின் குரலே அமைந்தது. விம்மலோ நடுக்கமோ இல்லாமல், வாழ்த்தை வாழ்த்தாகவே பாடியிருக்கிறார். துயரம் கேட்பவரிடம் விளைகிறது. தமிழ்த் திரையிசையில் இவ்வளவு அடக்கமாகப் பாடப்பட்ட சோகம் அதிகமில்லை.

அதே ஆண்டு ‘பார்த்தால் பசி தீரும்’ படத்தில் பி. சுசீலாவுடன் ஜெமினி கணேசனுக்காகப் பாடினார். இருந்தும் டி. எம். சௌந்தரராஜனும் ஸ்ரீநிவாஸும் கோலோச்சிய காலத்தில் கதாநாயகர் பாட்டு இவருக்கு எப்போதாவதுதான் வந்தது. துள்ளலான பாட்டு, கேலிப் பாட்டு என்றால் ராகவனைக் கூப்பிடும் வழக்கம் ஏற்பட்டது. அவற்றையும் அவர் சிறப்பாகவே பாடினார். ஆனால் அவரை நகைச்சுவைப் பாடகர் என்ற ஒரே பெட்டியில் அடைப்பது அநியாயம்.

சௌந்தரராஜனும் ராகவனும் இணைந்து தயாரித்து, இருவருமே நடித்த படம் ‘கல்லும் கனியாகும்’ (1968). இயக்கம் கே. சங்கர். பிறருக்குக் குரல் கொடுத்துவந்த இருவர் தங்கள் பாட்டுக்குத் தாங்களே வாயசைத்த படம் என்பதால் இது குறிப்பிடத்தக்கது. பின்னர் ராகவன் தயாரித்த ‘கண்ணில் தெரியும் கதைகள்’ (1980) படத்துக்கு கே. வி. மகாதேவன், டி. ஆர். பாப்பா, இளையராஜா உள்ளிட்ட பலர் இசையமைத்தனர். ஒரே படத்தில் மூத்த தலைமுறையையும் புதியவரையும் சேர்த்தது ஒரு பாடகருக்கே தோன்றக்கூடிய யோசனை.

ராகவன் சின்னத்திரைக்கு வந்தது முதுமையில்தான். பாடகர் தொலைக்காட்சிக்குப் போவது பிற நாடுகளில் வேறு விதமாக நடந்தது. ஹாங்காங்கில் 1967இல் தொடங்கிய டிவிபி நிறுவனத்தின் தொடர்களில் ஆடம் செங், லிசா வாங் போன்ற காண்டனீஸ் பாடகர்கள் இளமையிலேயே நாயகன், நாயகியாக நடித்தார்கள். தொடரின் முகப்புப் பாடலையும் பாடினார்கள். தமிழகத்தில் சென்னைத் தொலைக்காட்சி 1975இலும் சன் டிவி 1993இலும்தான் வந்தன. நெடுந்தொடர்கள் பெருகியபோது ராகவன் அறுபதைக் கடந்திருந்தார். அத்தொடர்களுக்குப் பெரிய அரங்கம் தேவைப்படவில்லை. சென்னை சாலிகிராமத்து ஷூட்டிங் வீடுகளும், கிழக்குக் கடற்கரைச் சாலையோரப் பங்களாக்களும் போதுமாயிருந்தன. ஆனால் கூட்டுக்குடும்பக் கதைகளுக்கு நம்பத்தகுந்த பெரியவர்கள் வேண்டியிருந்தது. ‘அலைகள்’, ‘அகல்யா’ முதலிய தொடர்களில் ராகவன் நடித்தது இந்தக் காலத்தில்தான். வானொலியில் அவர் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் பலருக்கு, அவர் முகம் பழகியதே இந்தத் தொடர்களால்தான்.

2020 ஜூன் 19 அன்று சென்னையில் காலமானார்.