தமிழ்நாடு நாள்

தமிழ்நாடு நாள் என்பது ஆண்டுதோறும் ஜூலை 18 அன்று தமிழக அரசு கொண்டாடும் மாநில நாள். சென்னை மாநிலத்தின் பெயரைத் ‘தமிழ்நாடு’ என்று மாற்றக் கோரும் தீர்மானம் 1967இல் அதே தேதியில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. இதற்கு முன் இந்தப் பெயரில் 2019இலும் 2020இலும் அரசு கொண்டாடிய நாள் நவம்பர் 1. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் நடைமுறைக்கு வந்த தேதி அது. மாநிலத்துக்குப் பிறந்தநாள் எது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அரசு பொது விடுமுறைப் பட்டியலில் இரண்டு தேதிகளுமே இல்லை.

வழக்கின் வேர், நிலமும் பெயரும் ஒரே நாளில் கைக்கு வராததுதான். அண்டை மாநிலமான கர்நாடகத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அவர்கள் 1956 நவம்பர் 1இல் ஒன்றிணைந்தார்கள். 1973இல் மைசூரைக் கர்நாடகமாக்கியபோதும் அதே நவம்பர் 1ஐத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மாநில நாளான ராஜ்யோத்சவம் அங்கே பொது விடுமுறை. இலங்கையில் சிலோன் என்ற பெயர் போனதும் குடியரசு வந்ததும் 1972 மே 22 என்ற ஒரே நாளில். தமிழ்நாட்டிலோ எல்லைக்கும் பெயருக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

எல்லை

சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக்கு எல்லைச் சிக்கல் பாடப்புத்தகச் சேதி அல்ல. இவ்வூர்கள் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. அதன் வடமேற்கே தொட்டுக்கொண்டு கிடந்தது சித்தூர் மாவட்டம். ஆந்திர மாநிலம் கேட்டுச் சென்னையிலேயே உண்ணாநோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15இல் உயிர்நீத்தார். சென்னை நகரமும் தங்களுக்கே வேண்டும் என்பது ஆந்திரர் பலரின் கோரிக்கை. நகரம் போயிருந்தால் அதன் மேற்குப் புறநகரின் கதி என்னவாகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தமிழரசுக் கழகத் தலைவர் ம.பொ. சிவஞானம் தலைநகரைக் காக்கவும் வடக்கெல்லையை மீட்கவும் இயக்கம் நடத்தினார். திருத்தணியில் தமிழறிஞர் மங்கலங்கிழார் அவருக்குத் தோள் கொடுத்தார். 1953 அக்டோபர் 1இல் ஆந்திரம் பிரிந்தபோது சென்னை இங்கேயே நின்றது. சித்தூர் மாவட்டம் முழுவதும், திருத்தணி உட்பட, அங்கே போனது.

1956 நவம்பர் 1 தெற்கே பெரிய மாற்றம் கொண்டுவந்தது. மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தின் பயனாகக் கன்னியாகுமரியும், கூடவே செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து வந்து சேர்ந்தன. மலபார் கேரளத்துக்குப் போனது. தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு ஆவடியிலோ திருவள்ளூரிலோ வரைபடம் ஓர் அங்குலமும் நகரவில்லை. எல்லைத் தகராறைத் தீர்க்க நடுவராக அமர்த்தப்பட்ட படாஸ்கரின் பரிந்துரைப்படி 1959இல் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1இல்தான் திருத்தணி திரும்பியது. பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் ஒரு பகுதி ஆந்திரத்துக்குப் போனது. சத்தியவேடு அப்படிப் போன ஊர். இந்த வட்டாரத்துக்காரர்கள் கணக்கில் எல்லை முடிந்த தேதி அந்த ஏப்ரல் 1தான். அதை யாரும் கொண்டாடுவதில்லை.

பெயர்

விருதுநகரைச் சேர்ந்த காந்தியவாதி சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27இல் பன்னிரண்டு கோரிக்கைகளோடு உண்ணாநோன்பு தொடங்கினார். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. கோரிக்கை ஏற்கப்படாமலே அக்டோபர் 13இல் மதுரை மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. புதிய மாநிலங்கள் பிறக்க மூன்று வாரமே இருந்த சமயம் அது.

அன்றைய ஆளுங்கட்சியின் நிலை விசித்திரமானது. காங்கிரஸ் 1920லிருந்தே மொழிவாரியாகக் கிளைகளை அமைத்திருந்தது; இங்குள்ள கிளையின் பெயரே தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி. ஆக, கட்சிக்குத் தமிழ்நாடு, அரசுக்குச் சென்னை. 1961இல் சட்டமன்றத்தில் மறுபடி கோரிக்கை எழுந்தபோது, தமிழில் எழுதுகையில் தமிழ்நாடு, ஆங்கிலத்தில் மெட்ராஸ் ஸ்டேட் என்று அரசு நடுவழி கண்டது. நழுவல் என்றும் அதைச் சொல்லலாம். மாநிலங்களவையில் கம்யூனிஸ்ட் உறுப்பினர் பூபேஷ் குப்தா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை 1963இல் அண்ணா ஆதரித்துப் பேசினார், அது தோற்றது.

1967 தேர்தலில் தி.மு.க. வென்றபின் அண்ணா முதல்வராக இருந்து கொண்டுவந்த தீர்மானம் ஜூலை 18இல் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. ஆனால் மாநிலத்தின் பெயரை மாற்றும் அதிகாரம் அரசியலமைப்பின் 3ஆம் பிரிவுப்படி நாடாளுமன்றத்துக்கே உண்டு. அதற்கான சட்டம் 1968இல் இயற்றப்பட்டு 1969 ஜனவரி 14இல் நடைமுறைக்கு வந்தது. அன்று பொங்கல். அடுத்த மாதம் 3ஆம் தேதி அண்ணா காலமானார். பொங்கலையே மாநில நாளாக்கியிருந்தால் விடுமுறைக்கென்று தனி அரசாணை தேவைப்பட்டிருக்காது. அந்த யோசனை யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

தேதித் தகராறு

நவம்பர் 1ஐத் தமிழ்நாடு நாளாக 2019இல் கொண்டாடத் தொடங்கியது எடப்பாடி பழனிசாமி அரசு. 2021 அக்டோபர் 30இல் முதல்வர் மு.க. ஸ்டாலின் இனி ஜூலை 18 என்று அறிவித்தார். நவம்பர் 1 எல்லைப் போராளிகளை நினைவுகூரும் நாளாயிற்று. அ.தி.மு.க., பா.ம.க., நாம் தமிழர் கட்சி மூன்றும் எதிர்த்தன. தாயகம் அமைந்த நாளே பிறந்தநாள், பெயர் வைத்தது அதற்குப் பிந்திய சடங்கு என்பது அவர்கள் வாதம். நவம்பர் 1 நிலம் கைவிட்டுப்போன நாளும்கூட என்பது எதிர்வாதம். ஜூலை 18 தரப்பிலும் ஓர் ஓட்டை உண்டு: அன்று நிறைவேறியது தீர்மானம்தான், பெயர் அல்ல. ஆயினும் தமிழர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த சட்டமன்றம் தானாக எடுத்த முடிவு என்ற அளவில் அதற்கே கனம் அதிகம். நவம்பர் 1 தில்லி வரைந்த கோடு.

பெயரும் இடைக்கிடை வம்புக்கு வந்தது. 2023 ஜனவரி 4இல் ஆளுநர் ஆர்.என். ரவி ‘தமிழகம்’ என்பதே பொருத்தமான சொல் என்று பேசினார். அவரது பொங்கல் விழா அழைப்பிதழில் ‘தமிழக ஆளுநர்’ என்று அச்சாகியிருந்ததும் கண்டனத்துக்குள்ளானது. பெயரை மாற்றச் சொல்லவில்லை என்று ஜனவரி 18இல் அவர் விளக்கம் தந்தார். தமிழகம் என்பது செய்தித்தாள்கள் தினமும் எழுதும் சொல். சட்டப் பெயருக்குப் பதிலாக வைக்கப்பட்டதுதான் சினத்தைக் கிளப்பியது.

கொண்டாட்டம்

ஜூலை 18இல் பள்ளிகளும் அலுவலகங்களும் வழக்கம்போல் இயங்கும். மாணவர்களுக்குக் கட்டுரை, பேச்சுப் போட்டிகள் மாவட்டந்தோறும் நடக்கும். பெரும்பாலும் அது ஆடி பிறந்த வாரம். அடுத்து வரும் ஆடிக் கிருத்திகைக்கு, அம்பத்தூரும் ஆவடியும் வழியாகத் திருத்தணிக்கு ஓடும் மின்சார ரயிலில் மஞ்சள் உடுத்திய காவடிக் கூட்டம் நிரம்பி வழியும். மீட்கப்பட்ட அந்த மலைக் கோயில் திருவிழாவுக்குத் திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விடுவது உண்டு. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் அது பொருந்தும். 2018இல் சென்னை மாவட்டத்தோடு சேர்க்கப்பட்ட அம்பத்தூருக்குப் பொருந்தாது.